ஜாமீன் கிடைத்தும் நான்கு மாதமாகத் தம்பி சிறையில்: ஒரு அக்காவின் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு சகோதரி மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

அவருடைய தம்பிக்கு 22 வயது, சென்ட்ரிங் வேலை பார்த்தவர். பேருந்து நிலையத்தில் செல்போன் திருடியதாகக் கைது செய்யப்பட்டு ஏழு மாதம் ஆகிறது. இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. மூன்றாவது மாதத்திலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. தலா 15,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அப்பா இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், வாடகை வீடு. சொந்த வீடு இருக்கும் தாய்மாமன், பழைய மனத்தாங்கலில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நீதிமன்ற வாசலில் ஒருவர், ‘12,000 கொடுங்க, ரெண்டு ஜாமீன்தாரரை நானே கொண்டுவர்றேன்’ என்கிறார். மனு போட்டுப் பார்க்கப்போனபோது தம்பி சொன்னது வேறு: ‘அக்கா, தப்பை ஒத்துக்கிட்டா இருந்த நாளைக் கழிச்சு விட்டுடுவாங்களாம். கால் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. ஒத்துக்கிறேன்.’

கடைசிப் பத்தியில் சகோதரி கேட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: ‘நாட்டில் குற்றம் பெருகிவிட்டது, அதனால்தான் சிறைகள் நிரம்பி வழிகின்றன என்று டிவியில் சொன்னார்கள். என் மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி வெளியூரில் வேலை பார்க்கிறான் என்றுதான் அங்கே சொல்லிவைத்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் அவனும் ஒருவன்தானா, மேடம்?’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஜாமீன் விஷயத்தை விட அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது.

சிறைகள் நிரம்பி வழிகின்றன என்பது உண்மை. குற்றம் பெருகியதுதான் அதற்குக் காரணம் என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைகளைப் பற்றி ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2011 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 3,72,926 பேர். 2022 முடிவில் 5,73,220 பேர். பதினோரு ஆண்டில் இரண்டு லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். இதை மட்டும் பார்த்தால் டிவியில் சொன்னது சரி என்றுதான் தோன்றும்.

இதே கணக்கைப் பிரித்துப் பாருங்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனை அனுபவிக்கும் கைதிகள் 2011-ல் 1,28,592 பேர். 2022-ல் 1,33,415 பேர். கூடியது ஐயாயிரத்துக்கும் குறைவு. விசாரணைக் கைதிகளோ 2,41,200-லிருந்து 4,34,302 ஆகிவிட்டார்கள். அதாவது கூடிய இரண்டு லட்சத்தில் ஏறத்தாழ 1,93,000 பேர், குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். 2022-ல் சிறையில் இருந்த நூறு பேரில் சுமார் 76 பேர் இப்படிப்பட்டவர்கள். மறு ஆண்டு மொத்த எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது. ஆனால் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்ற நிலை பெரிதாக மாறவில்லை.

உங்கள் தம்பி இந்த 76 பேரில் ஒருவர். ‘உள்ளே இருக்கான்னா ஏதோ பண்ணியிருப்பான்’ என்று யாராவது சொன்னால், அவர்கள் விசாரணைக் கைதியையும் தண்டனைக் கைதியையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது? ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன். ஒரு சிறைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 30 நாளில் வெளியே போய்விடுகிறார்கள் என்றால், எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 300 பேர் இருப்பார்கள். அதே பத்துப் பேர்தான் வருகிறார்கள், ஆனால் 90 நாள் தங்குகிறார்கள் என்றால் 900 பேர். வெளியே ஒரு திருட்டுக்கூடக் கூடவில்லை. சிறையில் கூட்டம் மட்டும் மூன்று மடங்கு. ஒரு நாட்டின் சிறை எண்ணிக்கையை யார் பேசினாலும், எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதோடு எத்தனை நாள் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். நம் நாட்டில் இந்த இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான பதில் இருக்கிறது.

அந்த நாட்கள் ஏன் நீள்கின்றன என்பதற்குக் காரணங்கள் பல. நீதிபதிகள் போதாது: பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது, அதில் பாதியைக்கூட இன்னும் எட்டவில்லை. கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்துவரும் வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிப்போகும். தடய அறிவியல் அறிக்கை வராமல் வழக்கு நிற்கும். போதைப்பொருள் சட்டம், உபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் ஜாமீன் கொடுக்கவே கூடுதல் தடைகள் எழுதிவைத்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனாவால் நீதிமன்றங்கள் முடங்கின. நெரிசலைக் குறைக்கப் பலரைப் பரோலிலும் இடைக்கால ஜாமீனிலும் அனுப்பிய ஆண்டு அது. அந்த ஒரே ஆண்டில் விசாரணைக் கைதிகள் 3,30,487-லிருந்து 3,71,848 ஆனார்கள்.

கைது செய்யத் தேவையே இல்லாத இடத்தில் கைது செய்வதும் உண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யக்கூடாது, காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் அனுப்பிய எஃப்.ஐ.ஆர். நகலில் இருப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2), அதாவது திருட்டுக்கான பிரிவு. அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு. உங்கள் தம்பிக்கும் அந்த நோட்டீஸ் வந்திருக்க வேண்டிய வழக்குதான் இது.

இன்னொரு காரணம், உங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட காரணம்: ஜாமீன் கிடைத்தும் வெளியே வர வழியில்லாத ஏழ்மை. 2022 நவம்பர் 26, அரசியல் சாசன நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இப்படிப்பட்டவர்களைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். அதன்பின் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, ஜாமீன் உத்தரவு இருந்தும் சுமார் 5,000 பேர் சிறையில் இருப்பதாக, இலவசச் சட்ட உதவிக்கான அரசு அமைப்பான தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தெரிவித்தது.

அப்படி ஒருவரை நான் நேரில் பார்த்தேன். ஒரு மத்திய சிறையின் சட்ட உதவி மையத்துக்குப் போயிருந்தேன். உங்கள் தம்பி வயதுதான் இருக்கும். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு காகிதம் வைத்திருந்தார், மடிப்பில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. ‘வாய்தா சீட்டு மேடம், எந்தத் தேதின்னு பார்த்துச் சொல்லுங்க’ என்று நீட்டினார். பிரித்துப் பார்த்தால் அது ஜாமீன் உத்தரவு. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. அவருக்குப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்ல யாரும் இல்லை. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டே ஐந்து மாதம் உள்ளே இருந்திருக்கிறார்.

உங்கள் தம்பிக்கு உத்தரவைப் படித்துப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள். சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

15,000 என்பது கட்ட வேண்டிய பணம் அல்ல

‘30,000 ரூபாய்க்கு நாங்கள் எங்கே போவோம்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தவறான எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஜாமீன்தாரர் நீதிமன்றத்தில் பணம் கட்டுவதில்லை. ‘இவர் விசாரணைக்கு ஒழுங்காக வருவார், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு’ என்று எழுதிக்கொடுக்கிறார், அவ்வளவுதான். தம்பி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தால் யாருக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. வராமல் போனால் அந்தத் தொகையை ஜாமீன்தாரரிடமிருந்து வசூலிக்க முடியும். கையெழுத்துப் போடுகிறவருக்கு இந்த ஆபத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரத்த சொந்தம் என்றதும் தாய்மாமனிடம் ஓடியிருக்கிறீர்கள். அம்மாவை விடவா ஒரு ரத்த சொந்தம்? ரத்த சொந்தம் கேட்பது, ஆளையும் முகவரியையும் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காக. பெரும்பாலும் அவரிடம் ஆதார், ரேஷன் கார்டு, உறவைக் காட்டும் ஆவணம் இவற்றோடு விட்டுவிடுவார்கள். உத்தரவை ஒருமுறை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ஜாமீன்தாரருக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. இரண்டாவது ஆளாகச் சம்பளச் சான்று காட்டக்கூடிய ஒருவரைக் கேட்கலாம். அம்மா வேலை செய்யும் வீட்டில், தம்பியை வேலைக்கு அழைத்துப்போன மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

‘என் கணவர் ஊர் வேறு மாவட்டம், அதனால் நான் ஜாமீன் நிற்க முடியாது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது சரியல்ல. 1978-ல் மோதி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரை ஜாமீனில் விட உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும், கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் நின்றவரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக்கொடுக்கும் உறுதியின் பேரில், விடச் சொன்னார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சில இடங்களில் உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்பார்கள். அப்போது வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பைக் காட்ட வேண்டும்.

12,000 கேட்கிறவர்

அவரிடம் போகாதீர்கள். அவர் கொண்டுவரும் இரண்டு பேரும் தம்பியை ஒருநாளும் பார்த்திராதவர்கள். போலி வீட்டுவரி ரசீது, வேறொருவர் பெயரில் ஆதார் என்று ஏதோ ஒன்று இருக்கும். பிடிபட்டால் ஜாமீன் ரத்தாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, போலி ஆவணம் கொடுத்ததாக அம்மா பேரிலோ உங்கள் பேரிலோ புதிதாக ஒரு வழக்கு வரலாம். அம்மா தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காக வேண்டாம்.

நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள்

ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் உள்ளேயே இருக்க வேண்டியதுதான் என்று நினைத்திருக்கிறீர்கள். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிமுறைகள் சொல்லியிருக்கிறது. ஜாமீன் கொடுத்த ஏழு நாளுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஆளனுப்பிக் குடும்பத்தின் வசதியைப் பற்றி அறிக்கை வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நீதிமன்றமே தானாக அதை எடுத்துப் பார்க்கலாம். வெளியே வந்துதான் ஜாமீன்தாரரைத் தேட முடியும் என்ற நிலையில் குறுகிய கால ஜாமீனும் கேட்கலாம்.

உங்களுக்கு ஒரு மாதம் இல்லை, நான்கு மாதம் ஆகிவிட்டது. யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நியாயமாக அவர்கள் வந்திருக்க வேண்டும், ஆனால் இனிக் காத்திருக்க வேண்டாம், நீங்களே போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ‘இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் பார்ப்பார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இப்போது பல மாவட்டங்களில் இதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை நியமித்திருக்கிறார்கள். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். கொடுத்தவர் சரியில்லை என்றால் மாற்றிக் கேட்கவும் செய்யலாம்.

அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள். ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிணைத் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை அரசே கட்டலாம் என்று அதில் இருந்தது. ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் எல்லாம் இருக்கும் ஒரு மாவட்டக் குழு முடிவு செய்யும். திருட்டு வழக்குக்கு அதில் தடை இல்லை. ஜாமீன்தாரருக்குப் பதிலாகப் பணம் கட்ட நீதிமன்றம் அனுமதித்தால்தான் இது பயன்படும். அந்த அனுமதிக்கும் சேர்த்தே மனு போடச் சொல்லுங்கள்.

தப்பை ஒத்துக்கொள்ளட்டுமா?

அவசரப்பட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். உள்ளே சொல்லிக்கொடுக்கிறவர்கள் முழுப்பொய் சொல்லவில்லை. விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்பது சட்டம். இதுபோன்ற வழக்குகளில் ‘இருந்த காலமே தண்டனை’ என்று முடித்து அனுப்புவதும் நடக்கிறது. ஆனால் நீதிபதி அப்படித்தான் செய்வார் என்று யாரும் உறுதி தர முடியாது. அதோடு, ஒத்துக்கொண்ட அந்த நிமிடத்திலிருந்து அவர் தண்டனை பெற்றவர். நாளைக்கு அந்தப் பேருந்து நிலையத்தில் எது காணாமல் போனாலும் முதலில் இவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு எல்லாவற்றுக்கும் அது பின்னால் வரும். நான் எடுக்கவில்லை என்று முதல் நாளிலிருந்து சொல்லிவருகிறவர், படுக்க இடமில்லை என்பதற்காக ஒத்துக்கொள்ளக் கூடாது. உண்மையிலேயே செய்திருந்தால் அது வேறு பேச்சு. பேரம் பேசிக் குறைந்த தண்டனைக்கு முடிக்கச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. அதையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து, குற்றப்பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

அவர் தாங்கிக்கொள்ள உதவும் ஒரு தேதியை நீங்கள் சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவுப்படி, இதற்கு முன் தண்டனை பெறாத, முதல் முறை வழக்கில் சிக்கியவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மூன்று ஆண்டில் மூன்றில் ஒன்று பன்னிரண்டு மாதம். ஆக, ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டாலும் இன்னும் ஐந்து மாதத்தில் இந்த உரிமை வந்துவிடுகிறது. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. கைதான தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு, பதினோராவது மாதத்திலேயே ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. உள்ளே இருக்கும்போதே, கண்டுபிடிக்கப்படாத பழைய வழக்குகளில் பெயரைச் சேர்த்துவிடுவது நடப்பதுண்டு. வெளியே இருக்கும் குடும்பத்துக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த முறை சிறையில் மனு போட்டுப் பார்க்கும்போது தம்பியிடம் கேளுங்கள்: ‘வேற எந்த கோர்ட்டுக்காவது உன்னைக் கூட்டிட்டுப் போனாங்களா? வீடியோவில் வேற ஜட்ஜ் முன்னாடி நிறுத்தினாங்களா? ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கினாங்களா?’ ஆம் என்றால் அந்த விவரத்தைத்தான் வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

கால் நீட்ட இடமில்லை என்றது பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுச் சிறைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால், அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் குறைவாகவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கணக்கு சொல்லும். வடமாநிலங்களில் நிலைமை மிக மோசம். அதனால் உங்கள் தம்பி பொய் சொல்கிறார் என்று ஆகாது. மாநிலச் சராசரியில் நெரிசல் இல்லாவிட்டாலும், ஒரு சிறையின் விசாரணைக் கைதிகள் பிளாக்கில் இருக்கலாம். படுக்க இடமில்லை, உடம்பு சரியில்லை என்றால் சிறைக்கு வரும் சட்ட உதவி வழக்கறிஞரிடமோ, ஆய்வுக்கு வரும் மாவட்ட நீதிபதியிடமோ அவர் நேராகச் சொல்லலாம். அதற்காக அவரை யாரும் தண்டிக்கக் கூடாது.

மாமியார் வீட்டில் எப்போது சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் கணவரிடம் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர் என்று கடிதத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் இரண்டாவது ஜாமீன்தாரர் அவராக இருக்கலாம்.

சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போகும்போது ஜாமீன் உத்தரவு நகல், எஃப்.ஐ.ஆர்., அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது, தம்பியின் கைதி எண் எல்லாம் கையில் இருக்கட்டும். குற்றப்பத்திரிகை எந்தத் தேதியில் தாக்கலானது என்பதையும் கேட்டு எழுதிவாருங்கள். கைதாகி 60 நாளுக்குள் அது தாக்கலாகவில்லை என்றால் அப்போதே கட்டாய ஜாமீன் கேட்டிருக்கலாம். இப்போது அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். இருந்தாலும் மனுவில் எழுத அந்தத் தேதி தேவைப்படும். மனு எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். முதல் வாய்தாவில் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.